விவசாயிகளோடு வேலை செய்ய எந்தப் படிப்பு? பல்கலைக்கழகம் தருவதும் ஊர் தருவதும்

குமரி மாவட்டம் திருவட்டார் பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள். தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறார், நர்சிங்கும் இன்ஜினியரிங்கும் வேண்டாம், வயலிலும் விளையிலும் (மேட்டுத் தோட்டம்) பாடுபடுகிறவர்களுக்கு உதவுகிற வேலைதான் வேண்டும் என்கிறார். அதற்கு பி.எஸ்ஸி. விவசாயமா, இரண்டு வருட டிப்ளமாவா, ஊரக வளர்ச்சிப் படிப்பா என்பது உங்கள் கேள்வி. அதோடு ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "எங்க அப்பா விவசாய ஆபீசர் சொன்னதை ஒருநாளும் கேட்டதில்லை, உரக்கடைக்காரர் சொன்னதைத்தான் கேட்பார். அப்படியிருக்க இதைப் படித்து என்ன பயன்?" எந்தக் கல்லூரி என்பதைவிட இந்த வரிதான் பெரிய கேள்வி. விவசாயி காதுகொடுத்துக் கேட்கும்படி ஒருவரை உருவாக்கப் பல்கலைக்கழகத்தால் முடியுமா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். பாதி முடியும். மீதிப் பாதியை எங்கே, எப்படிச் சம்பாதிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமில்லாத விஷயங்கள். வேளாண்மைத் துறையில் வேளாண்மை அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. கேட்பது நான்கு வருட பி.எஸ்ஸி. விவசாயப் பட்டம். தோட்டக்கலை அலுவலருக்கு பி.எஸ்ஸி. தோட்டக்கலை. அவர்களுக்குக் கீழே ஊர் ஊராகச் சுற்றுகிற உதவி வேளாண்மை அலுவலர், உதவி தோட்டக்கலை அலுவலர் பணிகளுக்கு இரண்டு வருட டிப்ளமா. ஊரக வளர்ச்சித் துறையின் கதவு வேறு மாதிரி. அங்கே உதவி இயக்குநர் பதவி குரூப் 1 தேர்வு வழியே வருகிறது, எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதலாம். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கு மறுபடியும் நான்கு வருட வேளாண் சார்ந்த பட்டம் வேண்டும். விவசாயிகளிடம் தொழில்நுட்பத்தைக் கொண்டுசேர்க்கும் 'ஆத்மா' திட்டத்தின் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளர், உதவித் தொழில்நுட்ப மேலாளர் பணிகள் ஒப்பந்த அடிப்படையில்தான். நிரந்தரம் என்று நம்பிச் சேரக்கூடாது. படித்து முடித்த ஆண்டே அரசுப்பணி அறிவிப்பு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இடைவெளி சில வருடங்கள்கூட ஆகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு வேளாண் கல்லூரி தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளம். தோட்டக்கலைக்கு தேனி மாவட்டத்துப் பெரியகுளம். இரண்டும் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள். சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தரவரிசைப்படி நடக்கிறது, நீட் தேவையில்லை. தங்கை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தவறவிடாதீர்கள்.

இனி அந்த நான்கு வருடத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மண்ணியல், பயிர் மரபியல், பூச்சியியல், நோயியல், உழவியல் ஆகியவைதான் படிப்பின் பெரும்பகுதி. விவசாயியிடம் எப்படிப் பேசுவது, ஒரு ஊர் எப்படி முடிவெடுக்கிறது என்பதைச் சொல்லும் விரிவாக்கக் கல்விக்கு நாலைந்து பாடங்களே உண்டு. 2016-இல் வேளாண் கல்லூரிகளுக்கென ஐந்தாவது டீன்கள் குழு வகுத்த பாடத்திட்டத்தில் ஊரகச் சமூகவியலும் கல்வி உளவியலும் சேர்ந்த பாடம் இரண்டு கிரெடிட். இரண்டுமே வகுப்பறைப் பாடம், செய்முறைக்கு ஒரு மணி நேரமும் இல்லை. ஊரைப் பற்றிய பாடத்தை ஊருக்குப் போகாமலே முடித்துவிடலாம் என்பது வருத்தமான விஷயம். அந்தக் குறையை ஈடுகட்டுவது ஏழாவது பருவத்தில் வரும் ஊரக வேளாண் பணி அனுபவம். மாணவர்கள் இதை ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ராவே' என்பார்கள். அதற்கு 20 கிரெடிட், 20 வாரம். முதல் வாரம் கல்லூரியில் முன்தயாரிப்பு, எட்டு வாரம் கிராமத்தில், ஐந்து வாரம் ஆராய்ச்சி நிலையம் அல்லது வேளாண் அறிவியல் நிலையத்தில், இரண்டு வாரம் பயிர் மருத்துவமனையில், மூன்று வாரம் வேளாண் தொழிற்கூடத்தில், கடைசி வாரம் அறிக்கை. இப்போது ஆறாவது குழுவின் பாடத்திட்டம் வந்திருப்பதால் கிரெடிட் கணக்கு மாறலாம். ஆனாலும் ஒரு மாணவியை விரிவாக்கப் பணியாளராக மாற்றுவது அந்த எட்டு வாரம்தான். அதை ஒழுங்காகச் செய்தவருக்கும் அறிக்கைக்காகப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியவருக்கும் பட்டச் சான்றிதழில் வேறுபாடு தெரியாது. முதல் விவசாயி முன்னால் போய் நிற்கும்போது தெரிந்துவிடும்.

டிப்ளமாவைக் குறைத்து எண்ண வேண்டாம். கையால் செய்கிற வேலை அதில் கூடுதல், பாடம் தமிழிலும் கிடைக்கிறது, முடித்ததும் கிடைக்கக்கூடிய பணி ஊரிலேயே இருக்கும் பணி. உங்கள் தங்கை சொல்லும் வேலைக்கு மிக அருகில் இருப்பவர் உதவி வேளாண்மை அலுவலர்தான். ஆனால் பதவி உயர்வு, வங்கி, ஆராய்ச்சி என்று பின்னால் வேறு வழிகளும் திறந்திருக்க வேண்டும் என்றால் பட்டம் வேண்டும்.

மூன்றாவது வழிக்கு காந்திகிராமம் நல்ல உதாரணம். டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே வளர்த்த அந்த நிறுவனம் 1956-இல் கிராமியக் கல்வி நிலையமாகி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிப் பணி செய்வது அங்கே பாடத்திட்டத்தின் பகுதி. சுயஉதவிக் குழு, ஊராட்சி, கூட்டுறவு, குடிநீர் என்று மனிதர்களின் அமைப்புகளோடு வேலை செய்ய அது பொருத்தமான படிப்பு. அங்கே படித்தவருக்கு வாழையில் இலை மஞ்சளானால் அது சத்துக்குறையா வாடல் நோயா என்று சொல்லத் தெரியாமல் போகலாம். வேளாண் கல்லூரியில் படித்தவருக்கு அது தெரியும், ஆனால் கூட்டத்தில் ஏன் பெண்கள் வாய் திறக்கவில்லை என்பது தெரியாமல் போகலாம். இரண்டும் தெரிந்தவர் வேண்டும் என்பதுதான் ஊரின் தேவை.

குமரி மாவட்டத்தில் இந்தச் சிக்கல் மற்ற இடங்களைவிடக் கூர்மையானது. திருவட்டார் பக்கத்து ஐம்பது சென்ட் விளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து தெங்கு நிற்கும், இடையில் ஏத்தன், மட்டி வாழைகள், ஓரத்தில் மரச்சீனி (மரவள்ளி), சக்கை (பலா) மரத்தில் நல்லமிளகுக் கொடி, மேட்டில் நாற்பது ரப்பர், பின்னால் ஒரு பசு, நாலைந்து தேன் பெட்டி. தென்னை வேளாண்மைத் துறையின் பொறுப்பு. வாழை, மரச்சீனி, மிளகு தோட்டக்கலைத் துறைக்கு. ரப்பர் கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ரப்பர் வாரியத்துக்கு. பசு கால்நடை பராமரிப்புத் துறைக்கு. ஒரே வேலிக்குள் நாலு அலுவலகம். ஆனால் மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, கையிலிருக்கும் பணமும் ஒன்றுதான். ரப்பருக்கு மழைக்காப்பு போட்ட மாதத்தில் தென்னைக்கு உரம் வாங்கப் பணம் இருக்காது. பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பயிரும் தனிப்பாடமாக வரும். விளையில் எல்லாம் சேர்ந்துதான் வரும். ஆகவே தங்கை எங்கே படித்தாலும், முழு விளையையும் ஒரே கணக்காகப் பார்க்கிற பழக்கத்தைத் தானாகவே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அக்கறையான ஆசிரியர் அமைந்தால் வழி காட்டுவார், பாடத்திட்டம் காட்டாது.

அடுத்தது அளவு. கல்லூரியில் எல்லாம் ஹெக்டேர். நம் ஊரில் சென்ட், இல்லையென்றால் மரக்கணக்கு. ஒரு ஹெக்டேர் என்பது 247 சென்ட். வாழைக் கூன்வண்டுக்கு வாழைத்தண்டைப் பிளந்து பொறி வைக்கச் சொல்லும் பரிந்துரை ஹெக்டேருக்கு 65 என்று இருக்கும். இருபது சென்ட்காரரிடம் 65 என்று சொன்னால் அவர் அப்போதே காதை மூடிக்கொள்வார். "அஞ்சு துண்டு போதும், வெட்டுமுகம் மண்ணைப் பாக்கட்டும், காலையில திருப்பிப் பாத்து வண்டைப் பொறுக்குங்க" என்றால் அன்று மாலையே வைப்பார். தென்னைக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை, காய்க்கிற மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், 50 கிலோ தொழுவுரம். தடவைக்குப் பாதியாக, மூட்டிலிருந்து 1.8 மீட்டர் வட்டத்துக்குள். அதாவது ஒரு தடவைக்கு 650 கிராம் யூரியா. தராசு எல்லார் வீட்டிலும் இருக்காது. ஒரு பால்பவுடர் டின்னில் 650 கிராம் எவ்வளவு உயரம் வருகிறது என்று ஒருமுறை எடைபோட்டு ஆணியால் கோடு கிழித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. உரம் மாறினால் கோடும் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும், ஒரே டின் பொட்டாஷும் யூரியாவும் ஒரே எடை இருக்காது.

இதே உதாரணத்தில் உறுதியையும் சந்தேகத்தையும் பிரித்துக் காட்டலாம். மொத்த அளவு பல வருடச் சோதனையில் வந்தது, அதை நம்பலாம். எப்போது போடுவது என்பதற்குப் பரிந்துரை சொல்வது ஜூன்-ஜூலை, டிசம்பர்-ஜனவரி. ஆனால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். சரிந்த விளையில் அப்போது யூரியாவைத் தூவினால் அது ஓடையில்தான் போய்ச் சேரும். அதே தேதி தோவாளைப் பக்கம் ஒத்துவரலாம், ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு அந்தப்புறம் மழை குறைவு. மலையாளக் கரையில் மழை தொடங்கும்போது மூன்றில் ஒரு பங்கும், கடுமழை ஓய்ந்தபின் மீதியும் இடுகிற முறையே மேற்குக் குமரிக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. இதைக் கருத்து என்றுதான் சொல்கிறேன். ஒரு விரிவாக்கப் பணியாளர் விவசாயியிடமும் இப்படித்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்: அளவு உறுதி, தேதி உங்கள் விளையின் சரிவையும் மழையையும் பொறுத்தது.

செயல்விளக்கம் என்பது படிப்பில் ஒரு பக்கம், பணியில் பாதி வாழ்க்கை. அது இரண்டு வகை. எப்படிச் செய்வது என்று காட்டுவது ஒன்று, செய்தால் என்ன கிடைக்கும் என்று காட்டுவது மற்றொன்று. முதல் வகைக்கு நெல் விதைத் தேர்வை எடுத்துக்கொள்வோம். பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கல்லுப்பைக் கரைத்து, அதில் ஒரு கோழிமுட்டையைப் போட வேண்டும். முட்டை மேலே வந்து ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குத் தெரிந்தால் கரைசல் சரி. விதையைக் கொட்டிக் கிளறினால் சண்டும் (பதர்) அரைகுறை மணியும் மிதக்கும், அதை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். பிறகு கிலோவுக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளைக் கலந்து, கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைக்கலாம். இருபது சென்டுக்கு அம்பை 16 போன்ற குறுகிய காலப் பயிருக்கு ஐந்து கிலோ விதை போதும் என்பதால் ஒரு வாளியில் எல்லாம் முடிந்துவிடும்.

இவ்வளவு எளிய காரியத்தில் என்ன தவறும் என்று கேட்பீர்கள். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும், உப்பு பாதி கரையும் முன்னே கரைசல் சரியாகிவிட்டதாகத் தோன்றும். கூட்டத்தில் ஒரு பாட்டி "இது கூமுட்டை மக்கா" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். முட்டையை முதலில் வெறும் தண்ணீரில் போட்டு மூழ்குகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். இரண்டாவது, சான்று பெற்ற விதையை எடுத்துக்கொண்டு போனால் ஏற்கனவே சுத்தம் செய்தது என்பதால் ஒன்றும் மிதக்காது, இதற்கா வரச் சொன்னீர்கள் என்பார்கள். அங்கே இருக்கும் யாராவது ஒருவர் வீட்டில் எடுத்துவைத்த விதையைக் கேட்டு வாங்கித்தான் காட்ட வேண்டும். மூன்றாவது, எல்லாவற்றையும் மாணவியே செய்து காட்டி முடித்துவிடுவது. ஒரு தடவை தான் செய்து, அடுத்த தடவை கூட்டத்தில் ஒருவரைச் செய்யவிட்டு, தான் பேசாமல் நிற்க வேண்டும். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ அந்த இடத்தில்தான் நம் விளக்கம் தெளிவில்லை என்று பொருள். இருபது பேருக்கு மேல் கூட்டினால் பின்வரிசைக்கு வாளிக்குள் என்ன நடக்கிறது என்றே தெரியாது.

இரண்டாவது வகை இன்னும் கடினம், ஏனென்றால் ஒரு பருவம் முழுக்க நீள்வது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு வயல். ஒரே ரகம், ஒரே நாற்று, ஒரே நடவு நாள், ஒரே மடைத் தண்ணீர். ஒரே ஒரு மாற்றம் மட்டும். ரகத்தையும் உரத்தையும் இடைவெளியையும் ஒருசேர மாற்றிவிட்டு விளைச்சல் கூடியது என்று காட்டினால், எதனால் கூடியது என்று யாருக்கும் தெரியாது, செலவு கூடியது மட்டும் தெரியும். அறுவடைக் கணக்கை நல்ல மூலையில் எடுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கி இடம் தேர்ந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அந்த 25 சதுர மீட்டரை அறுத்து அடித்து எடைபோட்டு, 162-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு வரும். ஈர நெல்லைக் காய்ந்த நெல்லோடு ஒப்பிட்டுவிடாமல் இரண்டையும் ஒரே காய்ச்சலில் எடைபோட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கிறது. சாலையோரம், வாய்க்கால் தலைமடை, சொந்த டிராக்டர் உள்ளவர் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்து, விதையும் உரமும் இலவசமாகக் கொடுத்தால் விளைச்சல் வரும். பார்க்கிறவர்கள் 'அவருக்கு என்ன, எல்லாம் ஓசி' என்று போய்விடுவார்கள். கடைமடையில் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) பயிர் செய்கிறவரின் துண்டில், அவரே காசு போட்டு விளைந்தால், ஏலா (வயல்வெளி) முழுக்கப் பேச்சாகும்.

பேச்சு இப்படிப் பரவுவதற்கு நம் மாவட்டத்திலேயே பழைய சான்று ஒன்று உண்டு. இந்தியாவில் எந்த வேளாண் கல்லூரியில் சேர்ந்தாலும் விரிவாக்கக் கல்வியின் வரலாற்றுப் பாடத்தில் மார்த்தாண்டம் வரும். திருவிதாங்கூர் காலத்தில், 1921-இல், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் அங்கே கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கினார். அரசு சமுதாய வளர்ச்சித் திட்டத்தை 1952 அக்டோபர் 2-இல் தொடங்குவதற்கு மூன்று பத்தாண்டுகளுக்கு முன்பு. தேனீ, கோழி, கூட்டுறவு விற்பனை என்று சிறிய கைமுதலில் செய்யக்கூடியவற்றையே அந்த மையம் எடுத்தது. செய்துகாட்டியது, கிராமப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, மக்கள் தாங்களே நடத்தும்படி விட்டது. அந்தத் தேனீ வளர்ப்பு நூறு ஆண்டுக்குப் பிறகும் மார்த்தாண்டத்தைச் சுற்றி நிற்கிறது, மார்த்தாண்டம் பெட்டி என்றே ஒரு தேன்பெட்டிக்குப் பெயர் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தேனீக்களுக்கு 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் வந்து பெட்டிகள் பெரும்பாலும் காலியானபோதும் தொழில் அழியாததற்குக் காரணம், அறிவு அலுவலகத்தில் இல்லாமல் வீடுகளில் இருந்ததுதான். ரப்பர் தளிர்க்கும் மாதங்களில் இலைக்காம்பிலிருந்து சுரக்கும் இனிப்புதான் இங்கே தேனின் மூலம், ஆனியாடி மழையில் ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் கரைத்து ஊட்டாவிட்டால் கூட்டம் ஓடிப்போகும் என்பதெல்லாம் அங்கே பள்ளிக்கூடம் போகாத பெண்களுக்கும் தெரியும். தங்கைக்கு மார்த்தாண்டம் பாடப்புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வரும்போது, அது பக்கத்திலேயே, பஸ்சில் போய்ப் பார்க்கக்கூடிய ஊர் என்று நினைவிருக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் உலக வங்கி ஆதரவோடு டேனியல் பெனோர் வகுத்த 'பயிற்சியும் பார்வையிடலும்' முறை நாட்டுக்குள் வந்தது. களப்பணியாளருக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பயிற்சி, குறித்த கிழமையில் குறித்த தொடர்பு விவசாயியைச் சந்திப்பது என்று கடிகாரம் போல நடத்தினார்கள். இன்ன கிழமை ஆபீசர் வருவார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது அதன் பலம். மேலிருந்து வரும் ஒரே செய்தியை எல்லா வயலுக்கும் சொன்னது பலவீனம். அதன்பின் 1998-இல் சோதனையாகத் தொடங்கி 2005-இல் விரிவான ஆத்மா, விவசாயியின் தேவையிலிருந்து திட்டம் போட வேண்டும் என்றது. எண்ணம் நல்லது. ஆனால் ஒரு அலுவலரின் நாளில் மானிய விண்ணப்பம், புகைப்படம், கணினிப் பதிவு, கணக்கெடுப்பு என்று போக, வயலில் நிற்க மிஞ்சுவது கொஞ்சம். உங்கள் அப்பா ஆபீசர் சொன்னதைக் கேட்காததற்கு ஆபீசரின் அறிவுக்குறை காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அவர் வந்த நேரத்தில் அப்பாவுக்குக் கேள்வி இல்லை, கேள்வி வந்த நேரத்தில் அவர் இல்லை.

உரக்கடைக்காரர் இருக்கிறார். இரவு எட்டு மணிக்கும் கடை திறந்திருக்கும், பறித்துக்கொண்டு போன இலையைப் பார்ப்பார், சென்ட் கணக்கில் பேசுவார், கடனும் கொடுப்பார். ஆனால் சும்மா இரு, மருந்து வேண்டாம் என்று சொன்னால் அவருக்கு வருமானம் இல்லை. அவரை எதிரியாகப் பார்ப்பதில் பயனில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம், 'மேனேஜ்', 2003-இல் இடுபொருள் விற்பனையாளர்களுக்கென்றே ஓராண்டு டிப்ளமா ஒன்றைத் தொடங்கியது. 48 வாரம், அதில் 40 வகுப்பு, 8 களப்பயணம், கடை அடைக்கும் நாளில் பாடம். 'தேசி' என்று சொன்னால் கடைக்காரர்களுக்குத் தெரியும். தங்கை பணிக்கு வந்தால் முதல் மாதத்தில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியவர்களில் அந்தப் படிப்பு படித்த கடைக்காரரும் ஒருவர்.

கடைக்காரரால் முடியாததும் விரிவாக்கப் பணியாளரால் முடிவதும் ஒன்று உண்டு, இல்லை என்று சொல்வது. தென்னையில் ஓலை தொய்ந்து, கீற்றுகள் விலா எலும்பு போல உள்வளைந்து, மஞ்சளாகும் வேர்வாடல் நோய் 1882 முதலே திருவிதாங்கூரில் அறியப்பட்டது; பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. வந்த மரத்தைக் குணமாக்கும் மருந்து கிடையாது. ஆனாலும் வேரில் கட்ட, குருத்தில் ஊற்ற என்று ஏதாவது ஒன்று விற்றுக்கொண்டே இருக்கும். "இதுக்கு மருந்து இல்ல, மோசமான மரத்தை வெட்டுங்க, மத்த மரத்துக்குச் சத்தும் தண்ணியும் கொடுத்தா காய்ப்பு நிக்கும்" என்று சொல்ல முதுகெலும்பு வேண்டும். அப்படிச் சொன்ன பணியாளரை அந்த வருடம் யாரும் பாராட்ட மாட்டார்கள். மூன்றாம் வருடம் மருந்துக்குக் காசைக் கொட்டிய பக்கத்து விளைக்காரர்தான் தேடி வருவார். காண்டாமிருக வண்டு வேறு கதை. மேல் மூன்று மட்டைக்கவட்டில் ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் கலந்து மரத்துக்கு 150 கிராம் போட்டால் பலன் தெரியும். எது முடியும், எது முடியாது என்று பிரித்துச் சொல்ல பூச்சியியலும் நோயியலும் ஆழமாகத் தெரிய வேண்டும். பி.எஸ்ஸி. விவசாயத்தை முதலில் வைக்கச் சொல்வதற்கு இதுவே எனக்குப் பெரிய காரணம்.

ஊரக வளர்ச்சிப் பக்கத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது காகிதமும் நேரமும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது வாழையும் ரப்பரும் சாய்ந்தன. இப்படி ஒரு சேதத்துக்கு நிவாரணம் கேட்கப் பட்டா, சிட்டா, அடங்கல் வேண்டும். பாட்டத்துக்கு நிலம் எடுத்து வாழை வைத்தவரிடம் இவை இருக்காது, நஷ்டம் அவருக்கு, காகிதம் நில உடைமையாளருக்கு. காற்று வருவதற்கு முன்பே, நடவு நேரத்திலேயே, அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரும் பயிரும் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவைக்கச் சொல்வது ஒரு மூட்டை உரத்தைவிடப் பெரிய உதவி. நேரம் என்றால் இது: ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் போய்ப் பத்து மணிக்குத்தான் திரும்புவார். தோவாளைப் பக்கத்தில் பூப்பறிப்பும் சந்தையும் விடியற்காலையில். நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்கள் மாலைதான் வீட்டில். பகல் பதினொன்றுக்குக் கூட்டம் வைத்தால் வருகிறவர்கள் வேலை இல்லாதவர்களே. ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச்சில் ஒரு அறிவிப்பு, கோயில் கொடைக்கமிட்டியிடம் ஒரு வார்த்தை, பால் சொசைட்டியில் ஒட்டிய ஒரு தாள் — இம்மூன்றும் சேர்ந்தால் ஊர் முழுக்கச் செய்தி போய்விடும்.

பங்கேற்பு முறை மதிப்பீடு என்று பாடத்தில் வரும் கருவிகளில் பருவ நாட்காட்டியைத் தங்கை நன்றாகப் பழகட்டும். பன்னிரண்டு மாதத்தைத் தரையில் கோடு போட்டு, வேலை எப்போது, கடன் எப்போது, கையில் பணம் எப்போது, மாட்டுக்குத் தீவனம் எப்போது குறையும் என்று புளியங்கொட்டை வைத்து ஊர்க்காரர்களையே நிரப்பச் சொல்வது. இங்கே ஆங்கில மாதமும் வேண்டாம், சித்திரை வைகாசி மட்டும் போதாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற நெல் பருவங்கள் அறுவடை மாதத்தின் பெயரைத் தாங்கியவை, முதியவர்கள் கன்னி, கும்பம் என்றே மாதம் சொல்வார்கள். அதுபோல மரவள்ளி என்று எழுதினாலும் மரச்சீனி என்று பேச வேண்டும், நேந்திரன் என்றால் ஏத்தன். கிள்ளிகுளத்திலிருந்து பயிற்சிக்கு வரும் வெளி மாவட்ட மாணவர்கள் முதல் வாரம் திணறுவது இதில்தான். உங்கள் தங்கைக்கு இது பிறப்பிலேயே கிடைத்த கைமுதல். மலையாளம் படிக்கவும் தெரிந்தால் இன்னும் நல்லது. மரச்சீனிக்கு ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் நிலையமும், தென்னை வேர்வாடலுக்குக் காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையமும் எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இருக்கின்றன, அங்கே விவசாயிகளுக்கென வரும் துண்டறிக்கைகள் பலவும் மலையாளத்தில்தான்.

ஆக, மதிப்பெண் இடம் கொடுத்தால் பி.எஸ்ஸி. விவசாயம் அல்லது தோட்டக்கலை. மேற்குக் குமரியிலேயே வேலை செய்ய விருப்பம் உறுதி என்றால் தோட்டக்கலையைக் கொஞ்சம் முன்னே வைப்பேன், வாழையும் மிளகும் கிராம்பும் பூவும் அந்தப் படிப்பில்தான் வருகின்றன. குடும்பச் சூழலில் சீக்கிரம் வருமானம் வேண்டும் என்றால் டிப்ளமா. இரண்டிலும் இடம் அமையாவிட்டால் ஏதேனும் ஒரு அறிவியல் பட்டத்துக்குப் பிறகு காந்திகிராமத்தில் ஊரக வளர்ச்சி முதுகலை. பட்டம் முடித்து அரசு அறிவிப்புக்குக் காத்திருக்கும் காலத்தில், சொந்தமாக வேளாண் ஆலோசனை மையம் தொடங்க விரும்பும் பட்டதாரிகளுக்கு 'மேனேஜ்' வழியாக 45 நாள் பயிற்சி இருக்கிறது, அதையும் மனத்தில் வையுங்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். நாகர்கோவிலுக்கு அருகே திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. விவசாயிகளுக்கான பயிற்சி நடக்கும் ஒரு நாளில் போய்ப் பின்வரிசையில் உட்காரட்டும். பேச்சை விட, இடைவேளையில் விவசாயிகள் விஞ்ஞானியிடம் தனியாகக் கேட்கும் கேள்விகளைக் கவனித்து எழுதிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்து அதில் ஒரு கேள்வியை அப்பாவிடம் கேட்கட்டும். அப்பா சொல்லும் பதிலையும் அதே நோட்டில் பக்கத்தில் எழுதி வைக்கட்டும்; ஏழாவது பருவத்தில் கிராமத்துக்குப் போகும்போது அந்த நோட்டு தேவைப்படும்.